முத்தம்மாளின் ஜன்னல்கள்

முத்தம்மாள் முதன்முதலாக இருட்டைப் பார்த்தது புயலுக்குப் பிறகுதான்.

முத்தம்மாள் ஒரு விண்கலம். நீட்டிய கை அளவு நீளம், பிள்ளைத்தாய்ச்சி மாதிரி உப்பிய வயிறு, வயிற்றின் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள். விதைநெல் ஏற்றிக்கொண்டு வேறொரு சூரியனுக்குப் போகிற சரக்குக் கப்பல் அது. போய்ச் சேர நூறு வருஷம் பிடிக்கும். அதனால் குடும்பம் குடும்பமாக ஆட்கள் அதற்குள்ளேயே பிறந்து, சமைத்து, சண்டை போட்டு, கிழடாகிறார்கள். இந்தக் கதை எந்தப் புத்தகத்திலும் கிடையாது. சிதம்பரத்தில் ஒன்றாகக் கல்லூரி படித்த அனுப்பிரியாவும் லலிதாம்பிகையும் நூலகத்திலிருந்த மொழிபெயர்ப்பு நாவல்களையெல்லாம் படித்துத் தள்ளிவிட்டு, படிக்க மிச்சமில்லாத ஒரு மத்தியானத்தில் தாங்களே கட்டிய கதை. நாவல்களில் வரும் கலங்களுக்கு வாயில் நுழையாத பெயர்கள் இருந்தன. "நம்ம கப்பலுக்கு நம்மூரு போட்டுல எழுதுற மாதிரி பேரு வைப்போம்டி" என்றாள் அனு. கடலூர் துறைமுகத்தில் நிற்கும் படகுகளின் மூக்கில் பாதிக்கு மேல் அம்மாக்கள் பெயர்தான் எழுதியிருக்கும். அப்படி வந்தவள் முத்தம்மாள்.

கதையோடு அனு நின்றுவிட்டாள். லல்லி என்கிற லலிதாம்பிகை நிற்கவில்லை. படிப்பு முடிந்து, அனு சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் சேர்ந்து ஷிப்டு ஷிப்டாகக் குடுவைகளைக் குலுக்கிக்கொண்டிருந்த காலத்தில், லல்லி சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னாலிருந்த தன் வீட்டில் உட்கார்ந்து முத்தம்மாளைச் செய்தாள். விளம்பரப் பலகை செய்யும் கடையில் வெட்டியது போக மிச்சம் விழுந்த வெள்ளை அக்ரிலிக் தகடுகளை வாங்கி வந்து, அடுப்பில் காட்டி வளைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து உருண்டையாக்கினாள். தீர்ந்துபோன பேனா ரீபில்கள் குழாய்களாயின. ஊசி மருந்துக் குப்பிகளின் மூடிகள் எரிபொருள் தொட்டிகளாயின. மேலே சாம்பல் நிறம் அடித்து, அதன்மேல் துரு, கீறல், எண்ணெய் ஒழுகிய தடம் எல்லாம் வரைந்தாள். கையில் வாங்கிப் பார்ப்பவர்களுக்கு அது நிஜமாகவே எங்கேயோ போய் அடிபட்டு வந்த மாதிரி இருக்கும்.

விளக்கு மட்டும் அனுவின் பொறுப்பு. மார்கழி வந்தால் அனுவின் வீட்டில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவார்கள். மூங்கில் சிம்பில் சட்டம் கட்டி, கலர்க் கண்ணாடித்தாள் ஒட்டி, உள்ளே பல்பு போட்டு வாசலில் தூக்கிவிடுவது சின்ன வயதிலிருந்தே அவள் வேலை. "லைட்டுன்னா அது நீதான்டி" என்று சொல்லி, முடிக்காத முத்தம்மாளை இரண்டு பாதியாக அவளிடம் கொடுத்தனுப்பினாள் லல்லி. "ரூம் ரூமா லைட்டு போடு. மூடுறப்ப டேப்பு ஒட்டு, போதும்."

இதெல்லாம் வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது, பழனிவேல் என்கிற பெயர் வரும்வரை. சென்னையில் மாதிரிகள் செய்யும் பட்டறை வைத்திருப்பவர் அவர். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் செய்து கொடுப்பவர். லல்லியின் மாமா தியாகேசனுக்குத் தெரிந்தவர். ஒவ்வொரு வருஷமும் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் வருவார். இந்த வருஷம் தரிசனம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து லல்லியின் கைவேலையைப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார். பிடித்திருந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்வார். சாமான் அறையின் ஜன்னலை மூடி இருட்டாக்கி, அதில் முத்தம்மாளை ஏற்றிக் காட்டுவதென்று லல்லி முடிவு செய்திருந்தாள். இன்னொரு வாய்ப்பு இப்படி வீடு தேடி வராது என்பது அவளுக்கும் தெரியும், அனுவுக்கும் தெரியும்.

அதனால் அனு உயிரைக் கொடுத்து வேலை பார்த்தாள். கடலூர் முதுநகரில் அவள் வீட்டுக் கூடத்தில், துணி தேய்க்கிற மேசைமேல், சாயங்காலம் சாயங்காலமாக. உள்ளே தடுப்பு வைத்து அறைகள் பிரித்தாள். சீரியல் செட்டுகளிலிருந்து கழற்றிய வெள்ளை எல்.இ.டி.களை நிறைய வைத்தாள். வெளிச்சம் வீணாகக்கூடாது என்று உள்பக்கம் முழுக்க மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டினாள். ஏற்றிப் பார்த்தால் ஜன்னல்களில் வெளிச்சம் மந்தமாகத் தெரிந்தது. இன்னும் சில விளக்குகள் சேர்த்தாள். அப்போதும் போதவில்லை. இன்னும் சேர்த்தாள்.

தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருக்கையில் எந்த விளக்குதான் பளிச்சென்று தெரியும்? அதை அணைத்துவிட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் அவள் அம்மா மங்கலத்திடம் அது நடக்காது. "வெளக்கு வைக்கிற நேரத்துல எவளாவது லைட்ட அணைப்பாளா? போடு அத" என்று ஒரு சத்தம் போடுவாள். ஜெபம் முடிந்து சாப்பாடு ஆனதும் கூடத்திலேயே எல்லோருக்கும் பாய் விரித்துவிடுவார்கள். அவள் புத்தகங்கள் அடைந்து கிடக்கும் சின்ன அறையில் மேசை போட இடம் கிடையாது. மின்வெட்டு நேரத்திலாவது தெரிந்திருக்குமே என்றால், முத்தம்மாளுக்கும் மின்சாரம் சுவரிலிருந்துதான். கரண்ட் போனால் வீட்டோடு சேர்ந்து அவளும் போய்விடுவாள்.

ஆக, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அனு கலத்தை மூடினாள். டேப் ஒட்டவில்லை. வேதியியல் படித்தவள் டேப் ஒட்டுவாளா? குளோரோபாமை ஊசியில் எடுத்து இரண்டு பாதிகளும் சேரும் கோட்டில் விட்டாள். அக்ரிலிக் இளகி, ஒன்றோடொன்று கலந்து, ஒரே உடம்பாக இறுகிப்போயிற்று. நகத்தால் தடவினால்கூடக் கோடு தட்டுப்படவில்லை. அன்றைக்கு அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

பிறகு 'தானே' என்று பெயர் வைத்த புயல் வந்தது. வருஷக் கடைசியில் ஒரு காலைப்பொழுது முழுக்க ஊரைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போனது. கம்பங்கள் மடங்கிக் கிடந்தன. முருங்கை, வேம்பு, வாசலில் தொங்கிய ஸ்டார் எல்லாம் போயின. செல்போன்களுக்கு சிக்னலும் இல்லை, சார்ஜும் இல்லை. சிதம்பரத்தில் என்ன நிலவரம், லல்லி எப்படி இருக்கிறாள் என்று கேட்க வழியில்லை. கம்பெனியும் மூடிக் கிடந்ததால் அனு வீட்டிலேயே இருந்தாள்.

ஒரு சாயங்காலம் மெழுகுவத்தி தீர்ந்துவிட்டது. கடையிலும் இல்லை.

"அந்தக் கப்பலையாவது ஏத்துடி" என்றாள் மங்கலம். "மாசக்கணக்கா அதுல லைட்டு வச்சியே, ஒரு நாளாவது சோறு திங்க வெளிச்சம் குடுக்கட்டும்."

அனுவுக்கும் ஆசைதான். அப்பா தேவசகாயத்தின் டார்ச்சிலிருந்து செல்களை உருவி, ஒயரை முறுக்கி, முத்தம்மாளைச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைத்து ஏற்றினாள்.

கூடம் வெளிச்சமாகிவிட்டது.

ஜன்னல்கள் வழியாக அல்ல. கலமே எரிந்தது. மூக்கு, வயிறு, வால் எல்லாம் ஊடுருவி ஒளி கசிந்தது. லல்லி பார்த்துப் பார்த்து வரைந்த துருவும் கீறலும் எக்ஸ்ரே படத்தில் தெரியும் அழுக்கு மாதிரி கறுப்புக் கறுப்பாகத் திட்டுத் திட்டாக நின்றன. உள்ளே ஒட்டிய வெள்ளைத் தாளின் சுருக்கங்களும், ஒயர்கள் ஓடும் தடமும்கூட நிழலாகத் தெரிந்தன. ஜன்னல் எது, சுவர் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அட! ஸ்டாரு போச்சேன்னு பாத்தேன். புதுசா ஒண்ணு செஞ்சி வச்சிருக்கியே" என்றாள் மங்கலம், உண்மையான சந்தோஷத்தோடு.

தேவசகாயம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். "ஸ்டாரு மாதிரி இல்லம்மா. மெடிக்கல் ஷாப்பு போர்டு மாதிரி இருக்கு. ஒரு பச்ச கிராஸு போட்டா மாத்திர வாங்க ஆளு வந்துடும்."

அனு தட்டைக் கீழே வைத்தாள். அப்பா கேலிக்குச் சொன்னதுதான் உண்மை. அது போர்டுக் கடைத் தகடு. பின்னால் விளக்குப் போட்டால் முழுசாக ஒளிரவேண்டும் என்றே செய்த தகடு. சாயம் மேலே எவ்வளவு அடித்தாலும் ஒளி அதைத் தாண்டி வந்துவிடும். உள்ளே கறுப்பு அடித்திருக்க வேண்டும். கறுப்பு அடித்திருந்தால் ஜன்னலைத் தவிர வேறெங்கும் ஒளி வந்திருக்காது. அவளோ ஸ்டார் கட்டுகிறவள் மாதிரியே யோசித்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு வெளிச்சத்தை உள்ளே திணித்து, திரும்பத் திறக்க முடியாதபடி மூடியும் வைத்திருக்கிறாள்.

அறுத்தால்தான் உண்டு. அறுப்பதென்றால் லல்லியின் சாயத்தை, தேய்ப்பை, துருவை, எல்லாவற்றையும் சேர்த்து அறுப்பது. லல்லியைக் கேட்காமல் அதைச் செய்ய முடியாது. கேட்கவோ போன் இல்லை. பஸ் இன்னும் சரியாக ஓடவில்லை.

அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால்?

அந்த நினைப்பு ரொம்ப அமைதியாகத்தான் வந்தது. பழனிவேல் பார்ப்பார். நல்லா இருக்கும்மா, சொல்லி அனுப்புறேன் என்பார். லல்லி ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். அப்புறம் எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "என்னாடி படிச்ச?" என்று கேட்பாள். எங்கேயும் போகமாட்டாள். யாருக்கும் தப்பு யாருடையது என்றுகூடத் தெரியாது. புயல், மழை, ஏதோ ஆகிவிட்டது.

நினைத்து முடித்ததும் அவளுக்கு அவள்மேலேயே ஒரு கூச்சம் வந்தது. செல்லை உருவி முத்தம்மாளை அணைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

மாடியிலிருந்து தெரு தெரிந்தது. அப்போதுதான் முழுசாக இருட்டியிருந்தது. தெருவிளக்கு இல்லாத தெருவை அவள் அதற்கு முன் இப்படி நின்று பார்த்ததில்லை. முதலில் ஒன்றுமே இல்லை போலிருந்தது. கண் பழகப் பழக ஒவ்வொன்றாக வந்தன. எதிர்வீட்டுச் சமையலறையில் அடுப்பின் நீலமும், அதன்மேல் யாரோ குனிந்து நிமிரும் நிழலும். பக்கத்து வீட்டுக் கூடத்தில் சிம்னி விளக்கு, மஞ்சளாக, தரையோடு. அதைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள்; சிரிப்புச் சத்தம் கேட்டது. ரத்தினம்மாள் டீச்சர் வீட்டில் எமர்ஜென்சி லைட்டு சார்ஜ் தீர்ந்து சாகிற சிவப்பில் இருந்தது. ஒரு வீட்டில் டார்ச் அறை அறையாக அலைந்தது. எதையோ காணோம் போலிருக்கிறது. கடைசி வீட்டில் வெளிச்சமே இல்லை. ஆனால் கதவு திறந்திருந்தது. உள்ளே குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கும் சத்தம்.

டியூப்லைட் எரியும் நாட்களில் இந்தத் தெருவில் எல்லா ஜன்னலும் ஒரே வெள்ளைதான். இன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம்.

அனு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். கறுப்பு அடிக்காதது மட்டுமா தப்பு? கறுப்பு அடித்திருந்தாலும் முத்தம்மாளின் எல்லா ஜன்னல்களும் ஒரே வெள்ளையில் பல்லைக் காட்டியிருக்கும். நூறு வருஷம் பயணம் போகிற கப்பலில் ஒருத்தர்கூட இல்லாத மாதிரி.

மறுநாள் காலையில், லல்லியைக் கேட்க வழி திறக்கும்வரை பொறுக்காமல், அப்பாவிடம் ஆக்ஸா பிளேடு கேட்டாள்.

"எதுக்கு?"

"கப்பல அறுக்கணும்."

தேவசகாயம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேலி எதுவும் செய்யாமல் பிளேடைத் தேடி எடுத்து வந்தார். "எங்க புடிச்சிக்கணும், சொல்லு."

வயிற்றின் அடிப்பக்கம் நீளவாக்கில் அறுத்தாள். அக்ரிலிக் கிரீச்சென்று கத்தியது. முதல் இழுப்பில் சாயம் உதிர்ந்தபோது தேவசகாயமே கண்ணை மூடிக்கொண்டார். அடிப்பாகம் மூடி மாதிரி தனியாக வந்தது. உள்ளிருந்த வெள்ளைத் தாளையெல்லாம் பிய்த்தெறிந்தாள். கடைத்தெருவில் ஒரே ஒரு ஹார்டுவேர் கடை திறந்திருந்தது. அங்கே கரும்பலகைக்கு அடிக்கும் பெயிண்ட் கிடைத்தது. ஒரு பூச்சு அடித்து, காய்ந்ததும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, ஒளி ஒழுகுகிற இடங்களில் இன்னொரு பூச்சு அடித்தாள். அறைகளுக்குள் மட்டும் கறுப்பின்மேல் வெள்ளை.

ஒயர்களைப் புதிதாக இணைக்க வேண்டும். கரண்ட் இல்லாமல் சால்டரிங் அயர்ன் எப்படிச் சுடும்? ஒரு தடித்த செம்புக் கம்பியை காஸ் அடுப்பில் காய வைத்து, ஓடி வந்து ஒரு புள்ளி பற்ற வைப்பது, மறுபடி அடுப்புக்கு ஓடுவது.

"கொழம்பு வைக்கணும்டி, அடுப்ப வுடு" என்றாள் மங்கலம்.

"ரெண்டே ரெண்டு பாயிண்டும்மா."

"காலயிலேர்ந்து ரெண்டே ரெண்டுதான். இந்த முத்தம்மா கல்யாணம் ஆகிப் போனாத்தான் எனக்கு அடுப்பு கெடைக்கும்."

விளக்குகளில் பாதிக்கு மேல் கழற்றிவிட்டாள். புயலில் கிழிந்த ஸ்டாரை மங்கலம் குப்பையில் போடாமல் மூலையில் வைத்திருந்தாள். அதிலிருந்து கண்ணாடித்தாளைக் கிழித்து எடுத்தாள். சமையலறை விளக்குக்கு மஞ்சள், இரண்டு மடிப்பு. இயந்திர அறைக்குச் சிவப்பு. விதைநெல் கிடங்குக்கு நீலம், மிக மெல்லிசாக. அங்கே ஆள் இல்லை, காவலுக்கு ஒரு விளக்குதான். கப்பலை ஓட்டுகிறவர் அறையில் விளக்கை மேலிருந்து கீழிறக்கி மேசையருகே வைத்தாள். அட்டையில் வெட்டி உட்கார வைத்த ஆளின் நிழல் சுவரில் பெரிசாக விழுந்தது. ஒரு அறையில் விளக்கைக் கதவுக்கு வெளியே, நடையில் வைத்தாள். உள்ளே குழந்தை தூங்குகிறது.

பஸ் சீராக ஓட ஆரம்பித்ததும், ஆருத்ராவுக்கு முந்தின நாள், முத்தம்மாளை மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் பழைய புடவை சுற்றி வைத்துக்கொண்டு அனு சிதம்பரம் போனாள். வழி முழுக்க விழுந்த மரங்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் சாலை குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குழிக்கும் பெட்டியை மடியிலிருந்து தூக்கித் தூக்கிப் பிடித்தாள். "என்னாம்மா, கோழிக்குஞ்சா?" என்றார் கண்டக்டர்.

சிதம்பரத்தில் கரண்ட் வந்துவிட்டிருந்தது. லல்லி வாசலுக்கு ஓடிவந்தாள். "உயிரோட இருக்கியாடி? போனு போட்டு போட்டு வெரலே தேஞ்சி போச்சு." பெட்டியை வாங்கி, புடவையைப் பிரித்து, முத்தம்மாளைத் திருப்பிப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

அடிவயிற்றில் நீளமாக வெட்டு. ஓரங்களில் சாயம் பெயர்ந்திருந்தது. பிரவுன் டேப் ஒட்டியிருந்தது.

"என்னாடி இது?"

அனு நடந்ததைச் சொன்னாள். டியூப்லைட், குளோரோபாம், போர்டுத் தகடு, கலமே எரிந்தது, எதையும் விடாமல்.

"டேப்பு ஒட்டுன்னு சொன்னேனா இல்லயா?"

"சொன்ன."

"பின்ன?"

"கெமிஸ்ட்டுல்ல. திமிரு."

லல்லி சிரிக்கவில்லை. முத்தம்மாளை மடியில் வைத்துக்கொண்டு வெட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளே அவள் அம்மா பாலாம்பாள் திருவாதிரைக் களிக்குப் பருப்பு வறுக்கும் வாசனை வந்தது. கோயில் பக்கமிருந்து நாதஸ்வரம் கேட்டது. இவள் ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்று அனுவுக்கு இருந்தது.

"அறுக்காம அப்டியே வுட்டிருந்தா," என்றாள் லல்லி கடைசியில், நிமிராமலே, "அந்தாளு வேணாம்னு சொல்லியிருப்பாரு. நானும் இங்கயே கெடந்திருப்பேன். உனக்கு நல்லதுதான?"

"அதையும் நெனச்சேன்."

லல்லி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "நெனப்படி நீ. எனக்குத் தெரியாதா ஒன்ன?" என்றாள். பிறகு எழுந்துபோய்ச் சாமான் அறைக் கதவைத் திறந்தாள். "வா. ஏத்திக் காட்டு."

ஜன்னலை மூடிக் கதவையும் சாத்தினார்கள். அனு டார்ச் செல்லை மாட்டினாள்.

முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு கலத்தின் நடுவில் மஞ்சளாக ஒரு ஜன்னல். அப்புறம் வாலோரம் சிவப்பு. அப்புறம் மூக்கில் ஒரு மேசை, ஒரு நிழல். கலத்தின் உடம்பு கண்ணுக்குத் தெரியவே இல்லை. அங்கே ஏதோ பெரிதாக இருக்கிறது, அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

லல்லி குனிந்து ஒவ்வொரு ஜன்னலாகக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். "இது சமையக்கட்டு... இங்க யாருடி, கொழந்தையா?... ஏய், இது எரியலயே!"

பின்பக்கத்தில் ஒரு ஜன்னல் இருட்டாக இருந்தது. பஸ் குலுக்கலில் எங்கேயோ ஒயர் விட்டிருக்க வேண்டும். அனு டேப்பைப் பிரிக்கக் கையை நீட்டினாள். பிறகு இழுத்துக்கொண்டாள்.

"வுடு. அங்க ஒருத்தி தூங்குறா" என்றாள்.

லல்லி அந்த இருட்டு ஜன்னலிலும் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

அன்று சாயங்காலமெல்லாம் லல்லி வெட்டைச் சரிசெய்தாள். மறைக்கவில்லை. மறைக்க முடியாது என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். வெட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய பட்டை ஒட்டி, மூக்குக்கண்ணாடி ரிப்பேர் கடையில் வாங்கிய பொடி திருகாணிகளை முடுக்கி, அதைச் சரக்கு இறக்கும் கதவாக மாற்றினாள். சாயம் பெயர்ந்த இடத்தில் நெல் மூட்டை உரசிய தடம் வரைந்தாள்.

மறுநாள் தரிசனம் முடிந்த கூட்டம் நாலு வீதியிலும் வழிந்துகொண்டிருந்தபோது தியாகேசன் மாமா பழனிவேலை அழைத்துக்கொண்டு வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் மாலை, நின்ற களைப்பு. பாலாம்பாள் களியும் ஏழுகறிக் குழம்பும் வைத்தாள். அவர் நிதானமாகச் சாப்பிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டுத்தான் "எங்கம்மா உன் கப்பலு?" என்றார்.

சாமான் அறையில் ஒரு முக்காலியில் அவரை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அனு விளக்கை ஏற்றியதும் அவர் எழுந்தார். குனிந்து, நகர்ந்து, மறுபக்கம் போய், மறுபடி வந்தார். கதவருகே லல்லி அனுவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாருடைய கை சில்லென்று இருக்கிறது என்று தெரியவில்லை.

"இந்த ஜன்னலு ஏன் எரியல?" என்றார் பழனிவேல் இருட்டிலிருந்து.

லல்லி உடனே சொன்னாள். "அங்க ஒரு கெமிஸ்ட்டு இருக்கா சார். நைட் ஷிப்டு முடிச்சிட்டு வந்து தூங்குறா."

பிறகு அவர் சிரிப்பது கேட்டது. "பில்டருங்க என்னா கேக்குறாங்க தெரியுமா? எல்லா ஜன்னலும் எரியணும். ஒண்ணு அணைஞ்சாலும் போன் பண்ணுவாங்க. நானும் வருஷக்கணக்கா ஆளே குடிவராத வீடாத்தான் செஞ்சிக்கிட்டிருக்கேன். கதவத் தொற."

வெளிச்சத்தில் கலத்தைக் கையில் எடுத்துத் திருப்பினார். அடியிலிருந்த கதவைப் பார்த்தார். "திருகாணியா? நல்லது. மியூசியத்துல வச்சா பல்பு மாத்தணுமே. நெறயப் பேரு ஒட்டிக் குடுத்துருவாங்க." அனு தரையைப் பார்த்தாள். அவர் நிமிர்ந்து லல்லியிடம் கேட்டார். "பாடி, லைட்டு ரெண்டும் நீயா?"

ஆமாம் என்று சொல், ஆமாம் என்று சொல் என்று அனு மனசுக்குள் கத்தினாள்.

"பாடி நானு. லைட்டு இவ. அறுத்ததும் இவதான்."

பழனிவேல் அனுவை ஒரு தரம் பார்த்தார். லல்லியை ஒரு தரம் பார்த்தார். "எனக்குப் பாடி செய்யத்தான் ஆளு வேணும்" என்றார். "பொங்கல் கழிச்சி வந்துடும்மா. கப்பலையும் எடுத்துட்டு வா, பசங்க பாக்கட்டும்." வாசல்வரை போனவர் திரும்பி, "அந்த ஜன்னல ரிப்பேர் பண்ணிறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாலாம்பாள் லல்லியைக் கட்டிக்கொண்டு அழுதாள். தியாகேசன் மாமா எல்லாருக்கும் போன் போட ஆரம்பித்தார். அனு ஒரு கிண்ணம் களியை வாங்கிக்கொண்டு சாமான் அறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். லல்லி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீயும் கெளம்பி வாயேன்டி" என்றாள்.

"யாரு வீட்டு அடுப்புல கம்பி காய வைக்க?"

"வரமாட்ட."

"ஞாயித்துக்கெழமையில சென்னைக்கு வர்றேன். என்னா படிச்சன்னு கேக்கணும்ல."

சாயங்கால பஸ்ஸில் மடி காலியாக இருந்தது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது பொழுது இறங்கியது. புதுச்சத்திரம் பக்கத்து ஊர்களுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அனு இருட்டில் கடந்துபோன வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சமையக்கட்டு. சீட்டாட்டம். எதையோ தேடுகிறார்கள். குழந்தை. சிப்காட் வந்ததும் கம்பெனி விளக்குகள் ஒரே வெள்ளையாகக் கண்ணைக் கூசின.

முதுநகரில் இறங்கினாள். தெருவுக்குக் கரண்ட் வந்திருந்தது. தெருமுனையிலேயே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. எல்லா வீட்டிலும் டியூப்லைட். அவள் வீட்டில் கூடத்து ஜன்னல் எரிந்தது, அப்பாவின் தலை தெரிந்தது. சமையலறை ஜன்னல் எரிந்தது. அம்மாவுக்கு அடுப்பு திரும்பக் கிடைத்துவிட்டது. பக்கவாட்டில் அவளுடைய புத்தகங்கள் இருக்கும் சின்ன அறையின் ஜன்னல் மட்டும் இருட்டாக இருந்தது.

அனு கேட்டில் கை வைத்தபடி அந்த ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து மங்கலம் எட்டிப் பார்த்தாள்.

"யாரு அங்க இருட்டுல? அனுவா? என்னா ஆச்சுடி, கெடச்சிடுச்சா அவளுக்கு?"

"கெடச்சிடுச்சும்மா" என்றாள் அனு, கேட்டைத் திறந்துகொண்டே. "என் ரூமு லைட்டப் போடாத. நானே வந்து போட்டுக்குறேன்."